காறை எலும்பு முறிந்தால்: முதுகில் எட்டுப் பட்டையா, கைக்குத் தூளியா?

மருந்துக் கடைக்காரர் இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்றின் மேல், முதுகில் பெருக்கல் குறி போலப் பட்டை கட்டிய ஆள், நெஞ்சை நிமிர்த்திப் பட்டாளத்துக்காரர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். இன்னொன்றில், ஒரு பைக்குள் கையைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கொஞ்சம் சோர்ந்த ஆள். "சார், டாக்டர் எழுதியிருக்கறது கிளாவிக்கிள் பிரேஸ். ஆனா இத வாங்கிட்டுப் போறவங்க பாதிப் பேரு ஒரு வாரத்துல திரும்பி வந்து இந்தப் பவுச்சை வாங்குவாங்க" என்றார். இரண்டையும் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒன்பதாவது நாள் நானே போய் அந்தப் பையை வாங்கினேன்.

விழுந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. தெருத் திருப்பத்தில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த எம்-சாண்டில் ஸ்கூட்டர் வழுக்கியது. இடது தோள் நேராகத் தரையில் இறங்கியது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கிற காறை எலும்பின் (கிளாவிக்கிள்) முறிவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன, கையை ஊன்றி விழுவதால் அல்ல, தோளே போய் மோதுவதால். முதலில் பார்த்த எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, தோள்களைப் பின்னால் இழுத்துக் கட்டினால் எலும்பு நேராக நிற்கும் என்று பிரேஸ் எழுதிக்கொடுத்தார். அடுத்த வாரம் பார்த்த இன்னொருவர், வயதில் மூத்தவர், அதே படத்தைப் பார்த்துவிட்டு, "இதைக் கழற்றிப் போடுங்க, கையைத் தாங்குகிற பை ஒன்று போதும்" என்றார். இரண்டு பேருமே படித்தவர்கள், அனுபவசாலிகள். படமும் ஒன்றுதான். அப்புறம் ஏன் இரண்டு பேச்சு? ஒரு கை சும்மா இருந்த ஆறு வாரத்தில் அதைத்தான் தேடிப் படித்தேன். நான் மருத்துவன் இல்லை. அந்த மேஜைக்கு முன்னால் இரண்டு பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்காக இதை எழுதுகிறேன்.

பார்க்க வந்த எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "முறிஞ்சிருக்குன்னு சொல்றீங்க, மாவுக்கட்டு போடலையா?" போட முடியாது. ஓர் எலும்பை அசையாமல் நிறுத்த வேண்டுமென்றால் அதன் இரண்டு பக்கத்து மூட்டுகளையும் சேர்த்துக் கட்ட வேண்டும். காறை எலும்பு ஒரு முனையில் நெஞ்செலும்போடும் மறுமுனையில் தோள்பட்டையோடும் சேர்கிறது. மூச்சு விட்டாலே அசைகிற நெஞ்சை எப்படிக் கட்டுவது? ஒரு காலத்தில் மார்பு முழுக்க மாவுக்கட்டால் சட்டை மாதிரி போட்டும் பார்த்திருக்கிறார்கள். நோயாளிக்கு அது முறிவைவிடப் பெரிய தொல்லை.

காறை என்பது கழுத்தில் அணிந்த பழைய நகை. அது வந்து படிகிற இடத்தில் இருக்கிற எலும்பு இது. கையை உடம்போடு எலும்பால் இணைப்பது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் தசைப் பிடிப்பு. லேசாக வளைந்த எழுத்தாணி மாதிரி இருக்கும். நடுப்பகுதிதான் மெல்லியது, பத்தில் ஏழு எட்டு முறிவுகள் அங்கேதான். முறிந்த உடனே மூன்று பக்கம் இழுபறி தொடங்குகிறது. காதுக்குப் பின்னாலிருந்து கழுத்தின் குறுக்காக இறங்கி வரும் தசை, உள்பக்கத்துத் துண்டை மேலே தூக்குகிறது. கையின் எடை வெளித்துண்டைக் கீழே இழுக்கிறது. உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு ஒரு கையின் எடை என்பதால், 70 கிலோ ஆளுக்கு மூன்றரைக் கிலோ அந்த முறிந்த முனையில் தொங்குகிறது. மார்புத் தசைகளோ தோளை உள்பக்கமாக இழுக்க, இரண்டு துண்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எலும்பின் நீளம் குறைகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு பெட்டிகளையும் பாருங்கள். பிரேஸ் என்கிற எட்டு வடிவப் பட்டை இரண்டு தோள்களுக்கும் முன்னால் வந்து, அக்குளுக்கு அடியில் புகுந்து, முதுகில் குறுக்கே போய் இழுக்கிறது. உள்பக்கமாக ஏறிய எலும்பை நீட்டிவிடுவது அதன் நோக்கம். ஆனால் கீழே தொங்குகிற கையின் எடைக்கு அது எதுவும் செய்வதில்லை. அந்தப் பை, அதாவது தூளி, அந்த எடையைத் தாங்குகிறது. ஏறிய எலும்பை நீட்டுவது அதன் வேலையே இல்லை. கோளாறில் ஆளுக்குப் பாதியை எடுத்துக்கொள்கின்றன என்று சொல்லலாம். அதிலும் பட்டை தன் பாதியை முடிப்பதில்லை. அது எலும்பைப் பிடிப்பதில்லை, தோலையும் சதையையும்தான் பிடிக்கிறது. உட்கார்ந்தால் தளர்கிறது, படுத்தால் நகர்கிறது, இரண்டு நாளில் துணியே இளகிவிடுகிறது.

தோள்களைப் பின்னால் இழுக்கும் யோசனை ஒன்றும் புதிதல்ல. பொது ஆண்டுக்கு முன் 1600 வாக்கில் எகிப்தில் எழுதப்பட்ட மருத்துவச் சுருள் ஒன்று, எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்ற பெயரில் இப்போது நியூயார்க்கில் இருக்கிறது. அதில் 35வது நோயாளிக்குக் காறை எலும்பு முறிவு. அவரை மல்லாக்கப் படுக்க வை, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே மடித்த ஒன்றை வை, முறிந்த எலும்பு தன் இடத்துக்கு வரும்வரை தோள்களை விரி, லினன் துணித் தப்பை வைத்துக் கட்டு, அப்புறம் தினமும் தேன் போடு என்று சொல்கிறது. இது குணப்படுத்தக்கூடிய காயம் என்றும் எழுதியிருக்கிறது. 3600 வருடமாக அந்த வைத்தியர் சொன்னது பலித்திருக்கிறது, காறை எலும்பு சேர்ந்துகொண்டே இருக்கிறது. சேர்த்தது இழுத்துக் கட்டியதா என்பதுதான் கேள்வி.

இங்கேதான் என் பெரியப்பா நினைவுக்கு வருகிறார். எண்பதுகளில் மாட்டு வண்டியிலிருந்து விழுந்து இதே எலும்பை முறித்துக்கொண்டார். ஊரில் எலும்புக்குக் கட்டு கட்டுகிறவரிடம் கூட்டிப் போனார்கள். பச்சிலைப் பத்து, துணி, அக்குளில் ஒரு பஞ்சு உருண்டை. நாற்பது நாளில் கிணற்றில் வாளி இறைத்தார். சாகும்வரை அந்தக் கட்டுக்காரரைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார். அவரது தோளில் நெல்லிக்காய் அளவு மேடு இருந்தது, அதையும் காட்டுவார். இப்போது எனக்கும் அதே மேடு அதே இடத்தில் இருக்கிறது, பச்சிலைப் பத்து இல்லாமலே. எதைக் கட்டினாலும் பெரும்பாலும் சேர்ந்துவிடுகிற எலும்பு இது. பேர் கட்டினவருக்குப் போகிறது. பிரேஸுக்குக் கிடைத்திருக்கிற பேரும் பெரும்பாலும் இப்படி வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

இதை வைத்து நாட்டு வைத்தியம் எல்லாம் வீண் என்று சொல்லவில்லை. திருப்பதிப் பக்கத்துப் புத்தூரின் பெயரைத் தாங்கி நம் ஊர்களில் எத்தனை பலகைகள், அத்தனைக்கும் கூட்டம் இருக்கிறது. மூங்கில் தப்பை வைத்து முட்டை வெண்கருத் துணி சுற்றுகிற முறை முழங்கைக்குக் கீழே ஓர் எலும்புக்குப் பொருந்தலாம். தப்பை வைக்க இடமே இல்லாத காறை எலும்புக்கு அதில் தனியாக எந்த அனுகூலமும் எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். எங்கே போனாலும் முதலில் எக்ஸ்-ரே எடுங்கள். புது முறிவை எண்ணெய் போட்டு உருவிவிட யாரையும் விடாதீர்கள். அந்த எலும்புக்கு நேர் கீழேதான் கைக்குப் போகிற பெரிய ரத்தக் குழாயும் நரம்புக் கட்டும் ஓடுகின்றன. பிரிட்டனின் முன்னாள் பிரதமர் ராபர்ட் பீல் 1850இல் குதிரையிலிருந்து விழுந்தார். முறிந்த காறை எலும்பு கீழே இருந்த ரத்தக் குழாயைக் கிழித்ததால் மூன்றாம் நாள் இறந்தார் என்பார்கள். அபூர்வம்தான். ஆனால் அபூர்வமாகவே இருக்கட்டும்.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தவர்கள் வியப்பாகச் சிலர்தான். டென்மார்க்கில் 1987இல் வெளிவந்த ஆய்வில் 61 பேரைப் பின்தொடர்ந்தார்கள். சிலருக்கு எட்டுக் கட்டு, சிலருக்குச் சாதாரணத் தூளி. கடைசியில் தோளின் வேலை, பார்வைக்கு இருக்கும் லட்சணம் இரண்டிலும் வித்தியாசமில்லை; தூளி போட்டவர்களுக்குத் தொல்லை குறைவு. எனக்கு உறைத்தது வேறு: இரண்டு கூட்டத்திலும் எலும்பு முதல் நாள் எப்படி விலகியிருந்ததோ, அப்படியே சேர்ந்திருந்தது. அதாவது நேராக நிறுத்துவதற்காகப் போட்ட பட்டை நேராக நிறுத்தவில்லை. துருக்கியில் 2015இல் 60 பேரை வைத்துச் செய்த ஆய்விலும், எட்டுக் கட்டுப் போட்டவர்களுக்கு முதல் நாள் வலி கூடுதல். எலும்பு குறுகிய அளவிலோ கடைசிப் பலனிலோ குறிப்பிடும்படி வித்தியாசமில்லை. 61 பேர், 60 பேர் என்பதெல்லாம் சின்னக் கணக்கு, தீர்ப்புச் சொல்லப் போதாது என்பவர்களும் உண்டு. எனக்கோ, பயன் உண்டு என்று காட்ட வேண்டிய பொறுப்பு தொல்லை கொடுக்கிற பொருளுக்குத்தான் இருக்கிறது.

அந்தத் தொல்லையை விவரமாகவே சொல்கிறேன். மே மாதம். முதல் நாள் பட்டையை இறுக்கியதும் நிஜமாகவே நன்றாக இருந்தது. நிமிர்ந்து நின்றேன், முறிந்த இடத்தில் கரகரப்பு குறைந்த மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் தளர்ந்துவிட்டது. இழுக்கிற முனை முதுகில் இருப்பதால் என்னால் இறுக்க முடியாது. மனைவி பின்னால் நின்று, மூட்டை கட்டுகிற மாதிரி இழுக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதிகம் இழுத்தால் அக்குளில் பட்டை வெட்டியது. நான்காம் நாள் அக்குள் முழுக்க வேர்க்குரு, அப்புறம் தோல் உரிந்தது. குளிக்கக் கழற்றினால் பயம், கழற்றாவிட்டால் நாற்றம். ஆறாம் நாள் இரவு சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்தேன். அக்குள் வழியாகப் போகிற நரம்பைப் பட்டை நசுக்கினால் இப்படி ஆகும். விரல் மரத்தாலோ, கை வீங்கி நிறம் மாறினாலோ உடனே தளர்த்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அப்புறம்தான் படித்தேன். அந்தத் தாளை முதல் நாளே பெட்டிக்குள் போட்டிருந்தார்கள், எட்டு மொழியில், எறும்பு எழுத்தில்.

நியாயமாகப் பேசினால் பிரேஸுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: இரண்டு கையும் விடுதலை. உட்கார்ந்து கணினியில் தட்டச்சு செய்கிறவர், ஒரே கையால் காலம் தள்ள முடியாதவர், முறிவு அதிகம் விலகாதவர், மெலிந்த உடம்புக்காரர் ஆகியோருக்கு அது ஒத்துப்போகலாம். முழங்கை மடங்கியே கிடப்பதில்லை, அதனால் விறைப்பதும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தையல்காரர் மூன்று வாரம் பிரேஸோடு மிஷினில் உட்கார்ந்தார், குறை சொல்லவில்லை. அப்படி வாங்குவதானால் மார்புச் சுற்றளவை டேப்பால் அளந்து சைஸ் பார்த்து வாங்குங்கள். அக்குள் பக்கம் தடித்த மெத்தை வைத்ததாகப் பாருங்கள். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போட்டு அதன்மேல் கட்டுங்கள், அதுவும் முன்பக்கம் திறக்கிற பனியனாக இருந்தால் நல்லது. பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். ஒரு விஷயம், முறிவு எலும்பின் வெளிமுனையில், தோளுக்குப் பக்கத்தில் இருந்தால் இந்தப் பட்டைக்கு அங்கே வேலையே இல்லை. பின்னால் இழுப்பது விலகலைக் கூட்டவும் கூடும்.

தூளிக்கு வருவோம். கடையில் ஆர்ம் ஸ்லிங், ஆர்ம் பவுச் என்று கேட்டால் கொடுப்பார்கள். குழந்தையைப் போடுகிற தூளி போலத்தான் இதுவும், உள்ளே போட்டதன் எடையை இது வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தத் தூளி என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். கழுத்திலிருந்து மணிக்கட்டை மட்டும் தொங்கவிடுகிற நுரைப்பட்டை ஒன்று விலை குறைவாகக் கிடைக்கும். அது மேல்கை எலும்பு முறிந்தவர்களுக்கு; அவர்களுக்கு முழங்கை தொங்குவதே நல்லது, எடை எலும்பை இறக்கி நேராக்கும். நமக்கு வேண்டியது நேர்மாறு. முழங்கை பைக்குள் முழுசாக உட்கார்ந்து, அதன் எடை பட்டை வழியாக மறுபக்கத்துத் தோளுக்குப் போக வேண்டும். உள்ளங்கை முழங்கையைவிடச் சற்று உயரத்தில் இருக்கட்டும். பை குட்டையாக இருந்து மணிக்கட்டு வெளியே தொங்கினால் விரல்கள் வீங்கும். இடுப்பைச் சுற்றி இன்னொரு பட்டை வைத்த வகையும் உண்டு; முதல் ஒரு வாரம், முக்கியமாகத் தூங்கும்போது, அது பெரிய நிம்மதி. இது எதுவும் கைக்குக் கிடைக்காவிட்டால் சாரணர் முகாமில் கற்றுக்கொடுத்த முக்கோணத் துணியே போதும். பழைய வேட்டியில் கிழித்ததைத்தான் நான் குளியலறையில் பயன்படுத்தினேன்.

தூளி போட்ட அன்று இரவு, விழுந்த நாளுக்குப் பின் முதல்முறையாக ஐந்து மணி நேரம் தூங்கினேன். அதற்காக அது குற்றமற்றது என்று நினைக்க வேண்டாம். கழுத்தில் பட்டை அறுத்தது, மடித்த துண்டு வைத்துச் சமாளித்தேன். அதைவிட முக்கியம் முழங்கை. மூன்று நாள் பையிலிருந்து எடுக்காமல் சாமர்த்தியமாக இருந்துவிட்டு நீட்டிப் பார்த்தபோது துருப்பிடித்த கீல் மாதிரி இருந்தது. முதல் நாளிலிருந்தே ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கையை வெளியே எடுத்து முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும், மணிக்கட்டைச் சுழற்ற வேண்டும், விரல்களை மூடித் திறக்க வேண்டும். தூளியை அசையவிடாத கட்டாக நினைப்பவர்களுக்குத்தான் எலும்பு சேர்ந்தும் தோள் விறைத்துப்போகிறது.

விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை, சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள். முதல் வாரத்துக்கு அது தாங்கும். என்னைக் கேட்டால், எழுதிக்கொடுத்தவரிடம் "தூளி மட்டும் போதாதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நடுப்பகுதி முறிவுக்குப் பெரும்பாலும் "போதும், உங்களுக்கு எது வசதியோ" என்றுதான் பதில் வரும்.

உண்மையில் பட்டையா தூளியா என்பது சின்ன முடிவு. பெரிய முடிவு இன்னொன்று, அதை இந்தப் பேச்சில் நாம் மறந்துவிடுகிறோம்: ஆபரேஷன் செய்து எலும்பின்மேல் உலோகத் தகடு, அதாவது பிளேட், வைப்பதா, வேண்டாமா?

நெடுநாள் வரை பதில் சுலபமாக இருந்தது. 1960இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் எழுதிய கணக்கில், வெட்டாமல் விட்ட 2235 பேரில் மூன்று பேருக்குத்தான் எலும்பு சேரவில்லை. அதனால் யாரும் கத்தி எடுக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் நன்றாக விலகிய முறிவுகளை மட்டும் தனியாகப் பார்த்தபோது படம் மாறியது. கனடாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில் 132 பேர். பாதிப் பேருக்குப் பிளேட், பாதிப் பேருக்குத் தூளி. ஒரு வருடம் பின்தொடர முடிந்தவர்களில், பிளேட் வைத்த 62 பேரில் இரண்டு பேருக்கும் தூளி போட்ட 49 பேரில் ஏழு பேருக்கும் எலும்பு சேரவில்லை. படத்தில் எலும்பு சேர்ந்ததாகத் தெரிய ஆன சராசரிக் காலம் பிளேட்டுக்கு 16 வாரம், தூளிக்கு 28 வாரம். தூளி போட்டவர்களில் இன்னும் ஒன்பது பேருக்கு எலும்பு கோணலாகச் சேர்ந்து தொந்தரவு கொடுத்தது. இதைப் படித்ததும் என் தங்கை, "அண்ணே, நாளைக்கே அட்மிட் ஆயிடு" என்றாள்.

ஆனால் 2013இல் ஸ்காட்லாந்திலிருந்து 200 பேரை வைத்து வந்த ஆய்வை அவளிடம் காட்டினேன். அதிலும் பிளேட் வைத்தவர்களுக்குச் சேராமல் போவது மிகக் குறைவு. ஆனால் எலும்பு சேராதவர்களை ஒதுக்கிவிட்டு மற்றவர்களை ஒப்பிட்டால், தோளின் வேலையில் இரண்டு தரப்பும் ஒன்றுதான். அதாவது எலும்பு சேருமானால் கோணலாகச் சேர்ந்தாலும் பெரும்பாலோருக்குக் கை ஒழுங்காக வேலை செய்கிறது. ஏழெட்டுப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் சேராமல் போகலாம். அந்த ஒருவருக்குப் பிறகு பிளேட் வைக்கலாம். அந்த ஒருவருக்காக எல்லோரையும் இப்போதே வெட்டுவதா? இது ஆளைப் பொறுத்தது. இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று தொடாமல் விலகியிருந்தால், இரண்டு சென்டிமீட்டருக்குமேல் எலும்பு குறுகியிருந்தால், நடுவில் குறுக்காக ஒரு சில்லு நின்றால், வெளிமுனை முறிந்து தசைநார்களும் கிழிந்திருந்தால் ஆபரேஷன் பக்கம் தராசு சாயும். புகைப்பவர்களுக்கு எலும்பு சேருவது தாமதம், அதையும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மேல்நோக்கிக் கையை வீசி வேலை செய்கிறவர்கள், பெயிண்டர், எலெக்ட்ரீஷியன், சுமை தூக்குகிறவர், சீக்கிரம் திரும்ப வேண்டிய கட்டாயத்தில் இருப்பார்கள்.

எவ்வளவு சீக்கிரம் திரும்பலாம் என்பதற்கு மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர் ஹோர்ஹே லொரென்ஸோவைக் காட்டுவார்கள். 2013இல் நெதர்லாந்தின் அஸ்ஸனில் வியாழக்கிழமை விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். இரவோடு இரவாகப் பார்சிலோனா போய்ப் பிளேட் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் அடுத்ததைச் சொல்வதில்லை. இரண்டு வாரம் கழித்து ஜெர்மனியில் மறுபடி விழுந்தார், பிளேட் வளைந்துவிட்டது, மறுபடி ஆபரேஷன். பிளேட் வைத்தாலும் சேர வேண்டியது எலும்புதான். நமக்கோ தோலுக்கடியில் பிளேட் தட்டுப்படுவது, பை மாட்டினால் உறுத்துவது, தழும்புக்குக் கீழே கையளவு இடம் மரத்துக் கிடப்பது, சிலருக்குச் சீழ் பிடிப்பது, பின்னால் எடுக்க இன்னொரு ஆபரேஷன் எல்லாம் உண்டு. சைக்கிள் பந்தயக்காரர் ஃபியொரென்ஸோ மாக்னி 1956 இத்தாலியச் சுற்றில் இடது காறை எலும்பு முறிந்த நிலையில், அந்தக் கையால் இழுக்க முடியாததால் ஹேண்டில்பாரில் ஒரு ரப்பர் டியூபைக் கட்டிப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டு மலையேறினார்; மொத்தத்தில் இரண்டாவதாகவும் வந்தார். அவர் பட்டையும் போடவில்லை, தூளியும் போடவில்லை. யாரும் பின்பற்ற வேண்டாம்.

ஆபரேஷனுக்கு அவசரமில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பதால், அதற்குள் பிளேட்டையும் முடித்துவிட வேண்டும் என்று பதறுகிறவர்களைப் பார்த்தேன். சாதாரண முறிவுக்கு இரண்டு மூன்று வாரத்துக்குள் முடிவு செய்தால் போதும். முதல் வாரம் தூளியில் இருந்து, மறுபடி ஒரு படம் எடுத்து, விலகல் கூடியிருக்கிறதா பார்த்து, இன்னொரு டாக்டரிடமும் கேட்க நேரம் இருக்கிறது. காத்திருக்கக் கூடாத நிலை சில உண்டு: எலும்பு முனை தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி அந்த இடம் வெளுத்திருந்தால், தோல் கிழிந்திருந்தால், கை சில்லிட்டாலோ மரத்தாலோ, மூச்சு விடச் சிரமமாக இருந்தால். அப்போது பட்டை, தூளி என்ற பேச்சே கிடையாது, உடனே ஆஸ்பத்திரி.

குழந்தைகள் விஷயம் சுலபம். பள்ளிக்கூடப் பையன் மரத்திலிருந்து விழுந்து முறித்தால் தூளி மூன்று வாரம், பெரும்பாலும் அவ்வளவுதான். மேடு இருந்தாலும் வளர வளரத் தேய்ந்துவிடும். கருவில் முதலில் எலும்பாகத் தொடங்குவது இது, கடைசியில் வளர்ந்து முடிவதும் இது, இருபது வயதுக்கு மேலும் அதன் உள்முனையில் வளர்ச்சி நடக்கிறது. பிரசவத்தில் அதிகம் முறிகிற எலும்பும் இதுதான். அந்தப் பச்சைக் குழந்தைக்குப் பட்டையும் வேண்டாம் தூளியும் வேண்டாம். சட்டைக் கையை நெஞ்சோடு ஊக்குக் குத்தி வைப்பார்கள், இரண்டு வாரத்தில் சேர்ந்துவிடும்.

எதைப் போட்டாலும் சமாளிக்க வேண்டிய சின்ன விஷயங்கள் ஒன்றுதான். படுக்க முடியாது, ஈஸி சேரிலோ, முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தோ தூங்க வேண்டும், முழங்கைக்கு அடியிலும் ஒரு சின்னத் தலையணை. சட்டை போடும்போது முறிந்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். தலை வழியாக மாட்டுவது எதுவும் ஆறு வாரத்துக்கு வேண்டாம். பெண்களுக்கு உள்ளாடைப் பட்டை நேராக முறிவின்மேல் உட்காரும். பிரேஸ் போட்டால் அதோடு இன்னொரு பட்டை. என் அக்கா இதைக் கேட்டதும், "பிரேஸைக் கண்டுபிடிச்சவன் நிச்சயம் ஆம்பளைதான்" என்றாள். அக்குளைக் கழுவ, முன்னால் குனிந்து கையைத் தானாகத் தொங்கவிட்டால் இடம் கிடைக்கும், தூக்க வேண்டியதில்லை. வீட்டில் ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் ஆறு வாரம் ஓடின. எலும்புக்குப் பிரண்டை நல்லது என்பது நம் பழைய நம்பிக்கை; எனக்கு எலும்பு சேர்ந்தது அதனாலா என்று கேட்டால், பெரியப்பாவின் கட்டு மாதிரித்தான். துவையல் நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்ல முடியும்.

கடைசிக் கேள்வி, எப்போது கழற்றுவது. நாள் கணக்கு எழுதிக்கொடுத்தாலும் வலிதான் உண்மையான காலண்டர். இரண்டு வாரத்துக்குமேல் வீட்டுக்குள் தூளி இல்லாமல் கொஞ்ச நேரம், அப்புறம் இன்னும் கொஞ்சம். வெளியே, கூட்டத்தில், பேருந்தில் மட்டும் மாட்டிக்கொள்வது. அது மற்றவர்கள் இடிக்காமல் இருக்க ஓர் அறிவிப்புப் பலகையும்தான். டாக்டர் சொல்லும்வரை கையைத் தோளுக்குமேல் தூக்குவதில்லை, கனம் தூக்குவதில்லை, வண்டி ஓட்டுவதில்லை.

ஆறாவது வாரம் மூத்த டாக்டரிடம் போனேன். படத்தை விளக்குக்கு முன் பிடித்துப் பார்த்தார். பிறகு அந்த மேட்டின்மேல் கட்டைவிரலை வைத்து நன்றாகவே அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"கையைத் தூக்குங்க."

தூளியிலிருந்து கையை எடுத்துத் தூக்கினேன். காதுவரை போகவில்லை, தோளுக்கு நேராக வந்தது.

"அப்புறம் எதுக்கு இன்னும் இதை மாட்டிக்கிட்டு வந்திருக்கீங்க?" என்றார்.

"பஸ்ஸில் உட்கார இடம் கொடுக்கிறார்கள்" என்று சொல்ல வாய் வரவில்லை.